லங்காஷயர் நெசவாலைப் பெண் ஒருவரின் தாய்வழியைத் தேடுவது எப்படி?

கேட்கப்பட்டது இது: "என் மகன் மணந்திருப்பது இங்கிலாந்துப் பெண்ணை. மருமகளின் கொள்ளுப்பாட்டி 1890 வாக்கில் லங்காஷயரில் உள்ள பர்ன்லி நகரில் பிறந்தவர், நெசவாலையில் வேலை பார்த்தவர், 1914இல் மணமுடித்தவர் என்பதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிரபு குடும்பமும் இல்லை, நிலபுலனும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு சாதாரணப் பெண்ணின் முன்னோரை, அதிலும் தாய்வழியை, கண்டுபிடிக்க முடியுமா? முடியுமென்றால் எத்தனை தலைமுறை பின்னால் போகலாம்?"

நிச்சயமாக முடியும். பொறுமையாகத் தேடினால் 1800ஆம் ஆண்டு வரை பெரும்பாலான கிளைகளை ஆவண ஆதாரத்தோடு நிறுவிவிடலாம். சில கிளைகள் 1700களின் தொடக்கம் வரை போகும். ஒன்றிரண்டு 1600களைத் தொடலாம். ஆனால் தேடத் தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பழைய ஆவணங்கள் ஒரு பெண்ணை அவளுக்காக எழுதி வைத்தவை அல்ல. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய விதவை என்றே அவளைப் பதிவு செய்தன. தந்தைவழியில் குடும்பப்பெயர் மாறாமல் தொடர்ந்து வருவதால் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கலாம். தாய்வழியிலோ ஒவ்வொரு திருமணத்திலும் பெயர் மாறுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் இழை அறுகிறது, அதை அந்தந்த இடத்தில் நாம்தான் முடிச்சுப் போட வேண்டும். ஆகவே அந்தப் பெண்ணை மட்டும் தேடினால் அவர் கிடைக்க மாட்டார். உடன்பிறந்தவர்கள், திருமணச் சாட்சிகள், அடுத்த வீட்டுக்காரர்கள், அவர் பெற்று இழந்த குழந்தைகள் எல்லோரையும் சேர்த்துத் தேடினால்தான் கிடைப்பார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவு செய்யத் தொடங்கிய நாள் 1837 ஜூலை 1. நீங்கள் முதலில் வாங்க வேண்டியது 1914ஆம் ஆண்டுத் திருமணச் சான்றிதழ். பதிவுகளின் அட்டவணை மும்மாதத்துக்கு ஒன்றாகத் தொகுக்கப்பட்டது; 1912 முதல் அதில் மணமகன், மணமகள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே துணைவரின் குடும்பப்பெயரும் அச்சாகியிருப்பதால், கணவரின் பெயர் தெரிந்திருந்தால் இந்தத் திருமணத்தைப் பிடிப்பது எளிது. சான்றிதழில் இருவருடைய வயது, தொழில், முகவரி, தந்தையின் பெயர், தந்தையின் தொழில் எல்லாம் இருக்கும். தாயின் பெயர் இருக்காது. இது உங்களை வியப்பில் ஆழ்த்தலாம்: ஸ்காட்லாந்தில் 1855இல் அரசுப் பதிவு தொடங்கிய நாளிலிருந்தே திருமணப் பதிவில் தாயின் பெயர் இடம்பெற்று வந்தது; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது இடம்பெற 2021 மே 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 180 ஆண்டுகளுக்கும் மேலாக மணமக்களைப் பெற்ற தாய்க்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. தாய்வழி தேடுகிற எவருக்கும் இது ஆறாத மனக்குறைதான்.

எனவே தாய்வழிக்கு முதுகெலும்பு பிறப்புச் சான்றிதழே. அதில் தாயின் பெயரோடு, திருமணத்துக்கு முன் அவருக்கிருந்த குடும்பப்பெயரும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாய் முன்பே ஒருமுறை மணமாகி விதவையானவர் என்றால், இப்போதைய பெயர், முதல் கணவரின் பெயர், பிறந்த வீட்டுப் பெயர் ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் வரிசையாக நிற்கும். மறுமணச் சான்றிதழிலும் இப்படியொரு உதவி உண்டு. மணப்பெண் முதல் கணவரின் பெயரில் விதவை என்று பதிவாகியிருப்பார். ஆனால் தந்தைக்குரிய கட்டத்தில் இருக்கும் குடும்பப்பெயர் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொதுப் பதிவாளர் அலுவலகம் இணையத்தில் வைத்திருக்கும் பிறப்பு அட்டவணை இந்த வேலைக்கு மிகப்பெரிய உதவி. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு முதல்தான் உண்டு. இந்தப் புதிய அட்டவணையில் அது 1837 வரை பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தந்தையின் குடும்பப்பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பர்ன்லி பதிவு மாவட்டம் ஆகிய மூன்றையும் வைத்துத் தேடினால், ஒரு தம்பதிக்குப் பிறந்த குழந்தைகள் அத்தனை பேரும், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே பிறந்து இறந்துபோன பிள்ளைகள் உட்பட, வரிசையாகக் கிடைப்பார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி, லங்காஷயர்பிஎம்டி ஆகிய இரண்டு இலவசத் தளங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னது உள்ளூர்ப் பதிவாளரின் ஏடுகளிலிருந்தே தொகுக்கப்படுவதால், லண்டனுக்குப் படியெடுத்து அனுப்பியபோது நேர்ந்த பிழைகள் சில அதில் இல்லாமல் இருக்கும். 1875க்கு முன் பிறப்பைப் பதிவு செய்யாத பெற்றோருக்கு அபராதம் இல்லாததால் விடுபட்ட குழந்தைகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டு வந்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரோடும் நமக்குக் கிடைப்பது 1841 முதல்தான். உங்கள் மருமகளின் கொள்ளுப்பாட்டிக்கு 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே பொன்னான இடம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் எழுதிக்கொண்ட படி. 1911இல் குடும்பத் தலைவரே பூர்த்தி செய்து கொடுத்த தாள் அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் தந்தையுடைய கையெழுத்தை அந்தக் குடும்பம் முதன்முதலாகப் பார்ப்பது அந்தத் தாளில்தான் இருக்கும். மணமான பெண்ணின் பெயருக்கு எதிரே நான்கு எண்கள் கேட்கப்பட்டன: திருமணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. விதவைகள் இந்தக் கட்டங்களை நிரப்பத் தேவையில்லை. ஆயினும் பலர் நிரப்பினார்கள். அலுவலர்கள் பிற்பாடு அந்த எண்களின் மேல் கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன. கேட்கப்படாத போதும் தன் இறந்த குழந்தைகளை ஒரு தாய் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருப்பதைப் படிக்கும்போது, தேடுகிறவரால் அந்தத் தாளைச் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியிடப்பட்டது. வேலை பார்த்தவர்கள் எந்த முதலாளியிடம் வேலை பார்த்தார்கள் என்பதும் அதில் கேட்கப்பட்டிருப்பதால், அப்போதும் அவர் தறியில் நின்றிருந்தால் ஆலையின் பெயரே கிடைக்கலாம். 1931ஆம் ஆண்டுக்குரிய தாள்கள் 1942 டிசம்பரில் நேர்ந்த தீ விபத்தில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று, போர் தொடங்கிய அதே மாதத்தில், எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு. அதில் பிறந்த தேதி முழுமையாக உண்டு. பின்னாளில் தேசிய சுகாதாரச் சேவையும் இதே ஏட்டைப் பயன்படுத்தியதால், 1939க்குப் பின் மணமான பெண்களின் பழைய குடும்பப்பெயரை அடித்து, மேலே புதிய பெயரை வேறு மையில் எழுதியிருப்பார்கள். உங்கள் மருமகளின் பாட்டியோ பாட்டியின் சகோதரிகளோ அப்போது கன்னிப்பெண்களாக இருந்திருந்தால், அந்த ஒரே வரியில் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்து கிடைக்கும்.

1890இலிருந்து பின்னோக்கிப் போகும் வழி இப்போது தெளிவாகிவிடும். கொள்ளுப்பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் அவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயரைத் தரும். மூத்த குழந்தை பிறந்த ஆண்டுக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தேடினால் அந்தத் தாயின் திருமணம் அகப்படும். அது அவருடைய தந்தையின் பெயரைத் தரும். தந்தையின் பெயரையும் 1891, 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகள் சொல்லும் பிறந்த ஊரையும் கொண்டு அந்தத் தாயின் பிறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்தால் அடுத்த தாய் கிடைப்பார். இப்படி மாறி மாறி மூன்று தலைமுறை ஏறினால் 1837ஐ ஒட்டி வந்து நிற்பீர்கள். 1851 முதல் ஒவ்வொருவரும் எந்த ஊரில் பிறந்தார் என்பதும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் உண்டு. 1841இல் உறவுமுறை கிடையாது; 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தது, அதாவது 34 வயதுப் பெண் 30 என்று பதிவாகியிருப்பார். பிறந்த இடத்துக்கு எதிரே அயர்லாந்து என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கிளை கடினமானது. பஞ்சம் தொடங்கிய 1845க்குப் பின் ஏராளமான ஐரிஷ் குடும்பங்கள் லங்காஷயருக்கு வந்தன, அயர்லாந்தின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயிற்று.

1837க்கு முன்னால் நமக்கு இருப்பவை தேவாலயப் பதிவேடுகள். ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு வட்டாரமும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டுமென்று எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டது 1538இல். பர்ன்லி பகுதியில் ஒரு சிக்கல் உண்டு: அது நெடுங்காலம் தனிப் பாரிஷாக இல்லை. இங்கிலாந்தின் மிகப்பெரிய பாரிஷ்களில் ஒன்றான வாலிக்கு உட்பட்ட ஒரு கிளை ஆலயமாகவே இருந்தது. கோல்ன், பேடிஹம், ஹாஸ்லிங்டன் போன்ற ஊர்களும் அப்படியே. ஆகவே மலைச்சரிவில் வாழ்ந்த ஒரு கைத்தறிக் குடும்பம் ஒரு குழந்தைக்கு ஓர் ஆலயத்திலும் அடுத்த குழந்தைக்கு இன்னொன்றிலும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். ஓர் ஊரின் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. திருமணம் பெரும்பாலும் மணப்பெண்ணின் பாரிஷில் நடந்தது என்பதால், அதைக் கண்டுபிடித்தால் அவளுடைய பிறந்த ஊருக்கு வழி திறக்கும். 1754 மார்ச் 25 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். 1840 வாக்கிலேயே மணப்பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெயரெழுதத் தெரியாமல் குறியிட்டவர்கள். அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்களிடம் கையொப்பத்தை எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் குறிக்குப் பக்கத்தில் நிற்கும் சாட்சியின் பெயரைக் கவனியுங்கள். அவர் மணப்பெண்ணின் அண்ணனாகவோ தங்கையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

1813 முதல் ஞானஸ்நானப் பதிவு அச்சிட்ட படிவத்துக்கு மாறியது. குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், வசிக்கும் இடம், தந்தையின் தொழில் ஆகியவை கிடைக்கும். தாய்க்கு முதற்பெயர் மட்டுமே. அதற்கு முந்தைய பதிவுகள் பலவற்றில் தந்தையின் பெயரோடு கதை முடிந்துவிடும், பிரசவித்தவள் யாரென்ற பேச்சே இருக்காது. லங்காஷயரில் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் வேரூன்றியிருந்ததையும் நினைவில் கொள்ளுங்கள். அவர்களுடைய ஏடுகள் 1837ஐ ஒட்டி அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சில சபைகள் தாயின் தந்தை பெயரையும் எழுதின. அப்படியொரு வரி கிடைத்தால் ஒரு தலைமுறை தானாகவே ஏறிவிடும். ஆங்கிலிக்கன் ஏடுகளின் படியெடுப்புகளைத் தன்னார்வலர்கள் நடத்தும் லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

நிலபுலன் இல்லாத குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஆவணம் இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் வறுமையே காகிதத்தை உண்டாக்கியது. ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தந்தப் பாரிஷின் தலையில் இருந்ததால், இவர் எங்கள் ஊருக்கு உரியவரா அடுத்த ஊருக்கு உரியவரா என்ற வழக்கு ஓயாமல் நடந்தது. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவி கேட்டு நின்றவரை, கேட்கக்கூடும் என்று தோன்றியவரையும்கூட, நீதிபதிகள் முன்னிலையில் விசாரித்து அவருடைய சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்ப முடியும். அந்த வாக்குமூலத்தில் பிறந்த ஊர், எந்தப் பண்ணையில் எத்தனை ஆண்டு வேலைக்கு இருந்தார், யாரை எப்போது மணந்தார், குழந்தைகள் யார் யார், அவர்களுக்கு என்ன வயது என்பதெல்லாம் எழுதப்பட்டன. மணமான பெண்ணுக்குக் கணவனின் பாரிஷே சொந்தப் பாரிஷ். ஆகவே கணவன் இறந்ததும், தான் ஒருநாளும் வாழ்ந்திராத ஊருக்கு, கைக்குழந்தைகளோடு அவள் வண்டியேற்றி அனுப்பப்பட்டிருக்கலாம். மணமாகாத தாயின் குழந்தைக்கோ பிறந்த இடமே சொந்தப் பாரிஷ் என்பதால், கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு முன்பே எல்லை தாண்ட வைக்க அதிகாரிகள் அவசரப்பட்டார்கள். தந்தை யாரென்று அவளைச் சத்தியம் செய்து சொல்ல வைத்து, அவனிடம் பராமரிப்புப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அந்த வழக்கம் கொடியது. ஆனாலும் ஓரளவு வசதியான ஒரு விவசாயியின் மனைவியைப் பற்றி நமக்குத் தெரிவதைவிட, உதவி கேட்டு நின்ற ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பற்றி அதிகம் தெரிவதற்கு இந்தத் தாள்களே காரணம். எழுத்தர் எழுதியதுதான் என்றாலும், அந்தப் பெண் சொன்னது பதிவாகியிருக்கும் அபூர்வமான இடம் அது. லங்காஷயருக்குரியவை பிரஸ்டனில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில், பாரிஷ் வாரியாகவும் காலாண்டு நீதிமன்றக் கட்டுகளிலுமாக இருக்கின்றன. எல்லாம் இணையத்துக்கு வந்துவிடவில்லை. பட்டியலைப் பார்த்து நேரில் போகவோ நகல் கேட்டு எழுதவோ வேண்டும்.

உயில்களில் பெண்களைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. 1882ஆம் ஆண்டின் மணமான பெண்களுக்கான சொத்துச் சட்டத்துக்கு முன், கணவன் சம்மதமின்றி மனைவி உயில் எழுதுவது அரிது. விதவைகளும் மணமாகாத பெண்களுமே எழுதினார்கள். எனவே அவளுடைய உயிலைத் தேடாதீர்கள், அவளுடைய தந்தையின் உயிலைத் தேடுங்கள். இன்னாருடைய மனைவியான என் மகளுக்கு என்று தொடங்கும் ஒரு வரி போதும், ஒரு திருமணத்தின் இரு கரைகளும் இணைந்துவிடும். 1858 ஜனவரி 12க்கு முன் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள் மெய்ப்பித்தன; அதன்பின் நாடு முழுவதற்கும் ஒரே அரசு அட்டவணை.

பர்ன்லியையும் பெண்டில் மலையையும் சுற்றிய நிலங்களில் பெரும்பகுதி கிளிதரோ மேனர் (நிலப்பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலப்பகுதி) நீதிமன்ற ஏடுகளின் வழியே கைமாறியவை. சிறு துண்டு நிலம் வைத்திருந்த கைத்தறிக்காரரும் அங்கே போய் நின்றாக வேண்டும். மனைவிக்கு உரிமையுள்ள நிலமென்றால், கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியே விசாரித்து, வற்புறுத்தலின்றிச் சம்மதிக்கிறாளா என்று உறுதிசெய்து எழுத வேண்டும் என்பது நடைமுறை. 1733 வரை அந்த ஏடுகள் லத்தீனில் இருக்கும். கொள்ளுப்பாட்டியின் முன்னோரில் யாராவது ஒருவருக்கு அங்கே இரண்டு ஏக்கர் இருந்திருந்தால், 1600களுக்குப் போகும் கதவு இதுதான்.

இனி எச்சரிக்கை. இந்தத் தேடலில் ஆவணம் கிடைக்காமல் தோற்பவர்களைவிட, தவறான ஆளைத் தங்கள் முன்னோராக ஏற்றுக்கொண்டு வழி தவறுகிறவர்களே அதிகம். மேரி, ஆன், எலிசபெத், சாரா என்ற நான்கைந்து பெயர்களே ஒரு பாரிஷின் பெண்களில் பெரும்பாலோருக்கு இருந்தன. அதே ஊரில், அதே குடும்பப்பெயரில், இரண்டு ஆண்டு இடைவெளியில் மூன்று மேரிகள் ஞானஸ்நானம் பெற்றிருப்பது சர்வ சாதாரணம். வயது பொருந்துகிறது என்பதற்காக ஒருவரை எடுத்துக்கொள்ளாமல், மற்ற இருவரும் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ஒருவர் குழந்தையாகவே அடக்கம் செய்யப்பட்டிருப்பார், இன்னொருவர் வேறொருவரை மணந்து வேறு தெருவில் கணக்கெடுப்பில் இருப்பார். அதன்பின் மிஞ்சுபவரே நீங்கள் தேடுகிறவர். இணையத்தில் பிறர் ஏற்றி வைத்திருக்கும் வம்சாவளி மரங்களைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். ஒருவர் செய்த ஊகத்தை ஐம்பது பேர் படியெடுத்திருந்தாலும் அது ஊகம்தான்.

பிறப்புச் சான்றிதழில் தந்தையின் கட்டம் வெறுமையாக இருக்கும் தலைமுறை ஒன்றை எதிர்கொள்ளவும் தயாராக இருங்கள். அப்படிப் பிறந்த பெண் பின்னாளில் மணமுடிக்கும்போது தாத்தாவின் பெயரையோ இல்லாத ஒருவரின் பெயரையோ தந்தையாகச் சொல்லியிருக்கக்கூடும். கணக்கெடுப்பில் 49 வயதுப் பாட்டியின் கடைசிக் குழந்தையாக எழுதப்பட்டிருப்பது, உண்மையில் அதே வீட்டில் நெசவாளி என்று குறிக்கப்பட்டிருக்கும் 18 வயது மகளின் குழந்தையாக இருக்கலாம். இத்தகைய செய்தியைக் குடும்பத்தினரிடம் சொல்லும்போது ஆதாரத்தோடும் மரியாதையோடும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது.

ஆவணம் கைவிடும் அந்த இடத்தில்தான் டிஎன்ஏ பயன்படுகிறது. தாய்வழியில் மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவுக்குப் பெயர் மாற்றங்களைப் பற்றிக் கவலை இல்லை. 2012இல் லெஸ்டர் நகரில் கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டுடையது என்று உறுதிசெய்ய உதவியது, அவருடைய சகோதரி யார்க்கின் ஆனிலிருந்து பெண்கள் வழியாகவே ஆவணத்தில் தொடர்ந்து வந்த வழித்தோன்றல்களின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏதான். ஆனால் அது மிக மெதுவாக மாறுவதால், பொருத்தம் கிடைத்தாலும் பொது மூதாதை 200 ஆண்டுக்கு முன் வாழ்ந்தாரா 2,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்தாரா என்று அதனால் மட்டும் சொல்ல முடியாது. பெயர் தெரியாத தந்தையைத் தேடுவது போன்ற நடைமுறைத் தேவைக்கு, இருபக்க முன்னோரிடமிருந்தும் வரும் டிஎன்ஏவைச் சோதித்து, இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவினரைக் கண்டறியும் பரிசோதனையே ஏற்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தப் பங்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆகவே பேத்தியையோ மருமகளையோ சோதிப்பதைவிட, கொள்ளுப்பாட்டி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவரோ அந்தப் பக்கத்து மூத்தவர் ஒருவரைச் சோதிப்பதே மேல். அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டால் மட்டுமே செய்யுங்கள். அவரிடம் பேசும்போது, 1914ஆம் ஆண்டுத் திருமணப் புகைப்படம் வீட்டில் இருக்கிறதா, அதன் பின்பக்கத்தில் யார் பெயராவது எழுதியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.